விலை உறையைப் பிரிக்கும் முன்பே

காலனிக்குள் சிமெண்ட் ரோடு போடுகிறார்கள். ஜல்லிச் சட்டி சுமப்பது நம்ம பெண்கள். கலவை மெஷின் பக்கத்தில் நிற்பது நம்ம பையன்கள். பணம், ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கு என்று பெயர் எழுதி ஒதுக்கிய பணம். ரோடு நம்முடையது, வேர்வை நம்முடையது, பணமும் நம்ம பேரைச் சொல்லி வந்த பணம். காண்ட்ராக்ட் மட்டும் ஊர்த்தெருவில் இருக்கிறது. லாபம் அந்தத் தெருவுக்குப் போகிறது. தேர்தல் வந்தால் அதே காசு ஓட்டு வாங்க நம்ம தெருவுக்கு வருகிறது.

இது நமக்குப் பழகிப்போய்விட்டது. கல்லூரியில் ஒரு சீட் குறைந்தால் தெருவுக்கு வருகிறோம். வரத்தான் வேண்டும். ஆனால் அரசாங்கம் ரோடாகவும் பாலமாகவும் விடுதிக் கட்டடமாகவும் மேசை நாற்காலியாகவும் சீருடைத் துணியாகவும் வருசா வருசம் வாங்கிக்கொண்டே இருக்கிறதே, அந்த வாங்கலில் நமக்கு என்ன பங்கு என்று நம்ம மேடைகளில் எத்தனை தடவை பேசியிருக்கிறோம்? 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் நாம். ஒப்பந்தம் எடுக்கிறவர்களில் எத்தனையில் ஒருவர்?

அம்பேத்கர் இதைப் பேசியிருக்கிறார். 1942இல் பட்டியல் சாதியாரின் குறைகளை அடுக்கி வைசிராய் லின்லித்கோவிடம் கொடுத்த மனுவில், அரசு வேலை, சட்டமன்றம், கல்வி என்று கேட்டதோடு நிற்கவில்லை. மத்தியப் பொதுப்பணித் துறை கொடுக்கிற ஒப்பந்தங்களிலும் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டார். எண்பது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மனுவின் மற்றப் பக்கங்கள் கோசங்களாகிவிட்டன. இந்தப் பக்கம் அப்படியே கிடக்கிறது.

தோழர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். ‘காண்ட்ராக்டர் ஆவதுதான் விடுதலையா?’ நியாயமான கேள்வி. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் டெண்டர் என்றால் என்ன, அதில் யார் எப்படி ஜெயிக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிடுவோம். தெரியாத ஒன்றை வெறுப்பது சுலபம்.

குறைந்த ரேட் போட்டவன் ஜெயிப்பான் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். சில வருசங்களாக நம்ம பையன்களுக்காக டெண்டர் ஆவணங்களை வரிவரியாகப் படித்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ரேட் கடைசி விசயம். கொஞ்சம் பெரிய வேலை என்றால் இரண்டு உறை. முதல் உறையில் நீ யார் என்று சொல்ல வேண்டும். இரண்டாவதில்தான் விலை. முதல் உறையில் தேறாதவனுடைய விலை உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். இப்போது உறை காகிதமாக இல்லை, கம்ப்யூட்டரில் டிஜிட்டல் கையொப்பம் போட்டு ஏற்றுகிறோம். வரிசை மட்டும் அதேதான்.

நீ யார்? இந்த நாட்டில் நம்மைப் பார்த்து இந்தக் கேள்வியை முதல்முறையாகவா கேட்கிறார்கள்?

சாதி என்ற சொல் முதல் உறையில் எங்கேயும் இருக்காது. சொத்து மதிப்புச் சான்று என்று இருக்கும். சால்வன்சி என்பார்கள். தாசில்தாரிடம் வாங்க வேண்டும். சொத்து இருந்தால் கொடுப்பார். நம்மிடம் என்ன சொத்து? நலத்துறை கொடுத்த மனை. அந்தப் பட்டாவில் இன்னாருக்கு விற்கக்கூடாது, இத்தனை வருசத்துக்குள் விற்கக்கூடாது என்று நிபந்தனை. பேங்க்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். 1892க்குப் பிறகு கொடுத்த பஞ்சமி நிலம் இருந்திருந்தால் அது ஒரு சொத்து. அது யார் கையில் இருக்கிறது என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரி, சொந்தக் காசில் ஒரு மனை வாங்கி மாடி கட்டியிருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். வழிகாட்டி மதிப்பைத் தெருவாரியாகப் போடுகிறார்கள். அதே ஊர், அதே மண், அதே சதுர அடி. ஊர்த்தெரு மனைக்கு ஒரு மதிப்பு, காலனி மனைக்கு ஒரு மதிப்பு. தீண்டாமையைச் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குப் போட்டு எழுதி வைத்திருக்கிற ஒரே அரசு ஆவணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது முன் அனுபவம். இதே மாதிரி வேலையை ஏற்கனவே செய்திருக்கிறாயா? மத்திய விழிப்புணர்வு ஆணையம் 2002இல் ஒரு வழிகாட்டல் கொடுத்தது. கடந்த 7 வருசத்தில், டெண்டர் மதிப்பில் 40 சதம் அளவுக்கு மூன்று வேலை, அல்லது 50 சதத்துக்கு இரண்டு, அல்லது 80 சதத்துக்கு ஒன்று முடித்திருக்க வேண்டும். மூன்று வருசச் சராசரி வரவு செலவு 30 சதமாவது இருக்க வேண்டும். 1 கோடி ரூபாய் வேலை என்றால், 40 லட்சத்தில் மூன்று வேலை முடித்தவன் உள்ளே வரலாம். பேப்பரில் பார்த்தால் நியாயம்தான், பாலம் கட்டத் தெரியாதவனிடம் பாலத்தைக் கொடுக்க முடியாது. ஆனால் அந்த முதல் 40 லட்சம் வேலையை நம்ம பையனுக்கு யார் கொடுத்தார்கள்? நீச்சல் தெரிந்தவன்தான் குளத்தில் இறங்கலாம், குளத்தில் இறங்கினால்தான் நீச்சல் வரும், குளமோ ஊர்க்குளம்.

இருபது வருசம் கலவை போட்ட மேஸ்திரி நம்ம தெருவில் இருக்கிறார். எத்தனை பாலத்துக்குக் கம்பி கட்டினார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. அவருக்கு முன் அனுபவம் இல்லை. அவரை வைத்து வேலை வாங்கியவனுக்கு இருபது வருச அனுபவம். சான்றிதழ் அவன் பெயரில் இருக்கிறது.

இந்த இரண்டையும் தாண்டினாலும் கையெழுத்து இருக்கிறது. டிப்ளமோ சிவில் படித்த தம்பி ஒருவன் ஒரு சின்ன வேலைக்குப் போட்டான். இடத்தைப் போய்ப் பார்த்ததாகப் பொறியாளர் கையெழுத்து வேண்டும் என்று நிபந்தனை. மூன்று நாள் அலைந்தான். ‘சார் சைட்டுக்குப் போயிருக்கார்.’ நாலாவது நாள் சாரே பேசினார். ‘ஏம்ப்பா, அது பேசி முடிச்ச வேலை. நீ எதுக்கு வீணா டெபாசிட் கட்டுற? அடுத்த தடவ பாப்போம்.’ அன்றைக்குச் சாயங்காலம் வேறொருத்தர் போன் பண்ணி, ‘தம்பி, உங்கப்பா இன்னும் நம்ம கொல்லையிலதான வேலை பாக்குறாரு?’ என்று நலம் விசாரித்தார்.

பேசி முடிப்பது என்பது இதுதான். அந்தக் காலத்தில் யூனியன் ஆபீசில் டெண்டர் பெட்டியைச் சுற்றி ஆள் நிற்பார்கள், மனுவைப் போட விடமாட்டார்கள். கம்ப்யூட்டர் வந்து பெட்டியைத் தூக்கிவிட்டது. ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள். நிபந்தனைக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். பஞ்சாயத்துக் குளத்து ஏலமும் மரத்து ஏலமும் யார் கையில் என்பதில் தொடங்கிய கதைதான் இது. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று முருகேசனையும் கூட இருந்தவர்களையும் வெட்டியவர்களுக்குத் தெரியும், பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலி என்பது வெறும் மரச்சாமான் இல்லை என்று.

ஆகவே நம்ம சண்டை விலை உறையில் இல்லை, முதல் உறையில் இருக்கிறது. அதைச் சண்டையாகவே போட முடியும் என்பதுதான் நம்ம ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1998இல் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் போட்டார்கள், 2000இல் விதிகள் வந்தன. அது சமூக நீதிக்காக எழுதிய சட்டம் இல்லை. இருந்தாலும் அதற்குள் பிடிமானங்கள் இருக்கின்றன. 2 கோடி வரைக்கும் உள்ள வேலைக்கு, மனுப் போட 15 நாளாவது கொடுக்க வேண்டும். அதற்கு மேல் 30 நாள். குறைக்க வேண்டும் என்றால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ‘நாலு நாள்தாம்ப்பா இருக்கு’ என்று யாராவது சொன்னால், அந்தக் காரணத்தை எழுதிய காகிதம் எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். முடிவு தப்பாக இருந்தால் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு. பத்து நாள் என்பது ரொம்பக் குறைவு, அதனால் முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நிபந்தனையே ஒருத்தருக்காகத் தைத்த சட்டை மாதிரி இருந்தால்? அதையும் கிழிக்கலாம். கிராமங்களுக்கு இணையக் கம்பி இழுக்கிற பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 1,950 கோடி ரூபாய் டெண்டர். அதன் நிபந்தனைகள் போட்டியைக் கட்டுப்படுத்துகின்றன என்று புகார் போனது. 2020 ஜூனில் அதை ரத்து செய்து புதிதாகக் கோரச் சொன்னது மத்திய அரசு. ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடியில் நடந்தது பத்தொன்பது லட்சத்தில் நடக்காதா? நடக்கும். யாராவது எழுதிக் கேட்க வேண்டும். டெண்டருக்கு முந்தைய கூட்டம் என்று ஒன்று வைத்தால் அங்கே போய்க் கேள்வியைத் தாளில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். வாயால் கேட்டது காற்றில் போய்விடும். இங்கேதான் மாணவத் தோழர்களின் வேலை இருக்கிறது. நிபந்தனையைப் படித்துக் கேள்வியாக மாற்றி எழுதுகிற வேலைக்குப் பொறியாளர் தேவையில்லை, மனுப் பழக்கம் உள்ள ஒருத்தர் போதும். நமக்கு மனு எழுதுவது புதிதா என்ன?

நல்ல மனு என்பது பயந்து எழுதிய மனு. கேட்ட காகிதத்தைக் கேட்ட வரிசையில் வைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போனால் அதுவே தள்ளுபடிக்குக் காரணம், நம்ம மனுவில் அந்தக் காரணத்தைத் தேடுவதற்கென்றே ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். ஜல்லி எந்தக் குவாரியிலிருந்து, எத்தனை கிலோமீட்டர், லோடுக்கு என்ன வாடகை, சிமெண்ட் எத்தனை மூட்டை, எத்தனை ஆள் எத்தனை நாள் என்று தானே கணக்குப் போடாமல் ‘எஸ்டிமேட்டுக்கு இத்தனை சதம் கம்மி’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவன் ஜெயித்தாலும் தோற்றவன்தான். பில் பாஸாக மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் வட்டி யார் கட்டுவது? அந்த வட்டியையும் ரேட்டுக்குள் வைக்க வேண்டும். ஊர்த்தெருக்காரனுக்குச் சித்தப்பாவிடம் கைமாத்து கிடைக்கும். நமக்குக் கந்துவட்டிக்காரன்தான் சித்தப்பா.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். ரேட்டைக் குறைக்க வேண்டும் என்றால் எதில் குறைப்பது? சிமெண்ட் கம்பெனிக்காரன் குறைக்கமாட்டான். டீசல் குறையாது. கமிஷன் கேட்கிறவன் குறைக்கவே மாட்டான். குறைக்க முடிகிற ஒரே சரக்கு சித்தாள் கூலி. அந்தச் சித்தாள் நம்ம அக்கா. அடுத்தவன் காண்ட்ராக்டில் நம்ம ஜனங்கள் வெறும் ஒரு ரேட், அவ்வளவுதான். 2025 ஆகஸ்டில் சென்னையில் அதைப் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. அந்த ஒப்பந்தத்தை ஒரு தலித் முதலாளி எடுத்திருந்தால் அவர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்களா? உட்கார்ந்திருப்பார்கள். நாமும் கூடப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அதிலும் நமக்கென்று திறக்கிற கதவு எது என்று பாருங்கள். ஐதராபாத்தில் 2017இல் சாக்கடை அடைப்பு எடுக்கிற 70 சின்ன மெஷின்களைத் தலித் தொழில் அமைப்பின் உதவியோடு நம்ம ஆட்களுக்கு ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். சென்னையிலும் 2024இல் அதே வழியில் போனார்கள். மனுசன் குழியில் இறங்குவதை மெஷின் நிறுத்தினால் நல்லது, பல வருச ஒப்பந்தத்தைக் காட்டினால் பேங்கும் கடன் தரும் என்பதும் உண்மை. சொத்து இல்லாதவனுக்கு ஒப்பந்தமே சொத்தாகிறது, முதல் உறைக்கு அது ஒரு நல்ல பதில். ஆனால் சாக்கடைக்கு மட்டும்தான் அந்த யோசனை வருமா? பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு, சோலார் பேனலுக்கு, பாடப்புத்தகம் அச்சடிக்க, இதே மாதிரி நீண்ட ஒப்பந்தம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லையே. பாதாளச் சாக்கடையில் ஒருத்தர் செத்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்சநீதிமன்றம் சொன்னது. வேலையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசியில் ஆளை இறக்கியவன் நம்ம தெருவிலேயே ஒரு துணை காண்ட்ராக்டராக இருந்தால், ஜெயிலுக்கும் நம்ம ஆள்தான் போவான்.

வேறு வழி இல்லையா? கேரளத்தில் வடகரைக்குப் பக்கத்தில் ஊராளுங்கல் என்று ஒரு இடம். வாக்படானந்தர் என்ற சாதி எதிர்ப்புச் சீர்திருத்தக்காரர் பின்னால் போனதற்காக அங்கே இருந்த தீயர் சாதிக் கூலிகளுக்கு மேல்சாதிப் பண்ணையார்கள் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தீயர்கள் தலித்துகள் இல்லை, இன்றைய கணக்கில் பிற்பட்டோர், ஆனால் வேலை கிடையாது என்ற தண்டனை நமக்கு அத்துப்படியான தண்டனை. அவர்கள் 1925இல் கூலிக்காரர்களாகவே சேர்ந்து ஒரு பரஸ்பர உதவிச் சங்கம் வைத்தார்கள். சங்கத்தின் பேரிலேயே வேலை எடுத்தார்கள். நூறு வருசமாகிவிட்டது. இன்றைக்கு அந்தச் சங்கம் பாலம் கட்டுகிறது, தேசிய நெடுஞ்சாலை 66இல் காசர்கோடு மாவட்டத்தின் ஒரு பகுதியைப் போட எடுத்தது, கோழிக்கோட்டில் ஐ.டி. பூங்கா வைத்திருக்கிறது. டெண்டரில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு விலைச் சலுகை கொடுத்துக் கேரள அரசும் கைதூக்கிவிட்டது. அங்கே மேஸ்திரியின் இருபது வருச அனுபவம் முதலாளி பேரில் போகவில்லை. சங்கத்தின் பேரில் சேர்ந்துகொண்டே வந்தது. முதல் உறையை நிரப்பியது அதுதான்.

நம்ம தெருவில் கொத்தனார் இருக்கிறார், கம்பி கட்டுகிறவர் இருக்கிறார், எலக்ட்ரீசியன் இருக்கிறார், டிப்ளமோ படித்துவிட்டு மொபைல் கடையில் நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோரும் தனித்தனியாக அடுத்தவன் டெண்டரில் ஆள் கணக்கு. சேர்ந்தால் ஒரு மனு. தனியாளாகக் காண்ட்ராக்ட் எடுக்கிற நம்ம ஆள் யாரையும் நான் குறை சொல்லவில்லை. அவனும் ஜெயிக்கட்டும். ஆனால் இயக்கம் தன் நேரத்தைச் செலவழிப்பது என்றால் சங்கத்துக்காகச் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒதுக்கீடு என்று ஒன்று வந்ததும் முதலில் வருகிறவன் பினாமி. லைசென்ஸ் நம்ம பையன் பேரில், சாதிச் சான்றிதழ் நம்ம பையனுடையது, பேங்க் பாஸ்புக்கும் டிஜிட்டல் கையொப்பச் சாவியும் ஊர்த்தெரு வீட்டு பீரோவில். மாசம் ஏதோ கொஞ்சம் கொடுப்பார்கள். கடன் திரும்பாவிட்டால் நோட்டீஸ் மட்டும் சரியாகக் காலனி விலாசத்துக்கு வரும். அப்படி இருக்கிறவர்களைத் துரோகி என்று திட்டிவிட்டுப் போகாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். அந்தச் சாவியைக் கையில் வாங்குவதுதான் முதல் வேலை.

ஒதுக்கீட்டு நிலவரம் இதுதான். மத்திய அரசு 2012இல் ஒரு கொள்முதல் ஆணை போட்டது. துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 4 சதம், தலித், பழங்குடியினர் நடத்துகிற குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை. முதல் பத்து வருசத்தில் ஒரு வருசம்கூட அந்த 4ஐத் தொடவில்லை. அதோடு அது பொருளுக்கும் சேவைக்கும்தான், கட்டுமான வேலைக்குக் கிடையாது. நம்ம ஜனங்கள் அதிகமாக இருக்கிற தொழில் கட்டுமானம் என்பது அந்த ஆணை எழுதியவர்களுக்குத் தெரியாதா? கர்நாடகம் அந்தக் கதவைத் திறந்தது. தன் கொள்முதல் சட்டத்தைத் திருத்தி, 50 லட்சம் வரையான வேலைகளில் 17.15 சதத்தைப் பட்டியல் சாதியாருக்கும் 6.95 சதத்தைப் பழங்குடியினருக்கும் ஒதுக்கியது. 2023இல் அந்த வரம்பை 1 கோடி ஆக்கியது. அந்த வேலைகளுக்கு அவர்களுக்குள்ளேயே போட்டி. முதல் 40 லட்சம் வேலையை யார் கொடுப்பது என்று மேலே கேட்டேனே, அதற்கு அங்கே ஒரு பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதை நாம் சட்டமாகக் கேட்க வேண்டும். காலனிக்குள் செலவழிகிற துணைத்திட்டப் பணத்தில் தொடங்கச் சொல்லிக் கேட்கலாம். அந்தப் பணத்துக்கென்று 2024இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பது தெரியும். யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பது?

கேட்கப் போனால் கணக்கு வேண்டும். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரத்தில் அப்போது பாதிப்பேர் கறுப்பின மக்களாக இருந்தார்கள். நகராட்சியின் கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு 5 வருசத்தில் கிடைத்தது 0.67 சதம். ஒப்பந்தத் தொகையில் 30 சதத்தை அந்த நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும் என்று நகராட்சி விதி செய்தது. 1989இல் உச்சநீதிமன்றம் அதை அடித்துவிட்டது. பாகுபாடு நடந்ததற்கு ஆதாரம் போதாது என்றது. மோசமான தீர்ப்புதான். ஆனால் அதற்குப் பிறகு அங்கே நகரம் நகரமாக உட்கார்ந்து யாருக்கு எத்தனை ஒப்பந்தம் போனது என்று எண்ணினார்கள். ரிச்மண்ட்காரர்களிடம் 0.67 என்று சொல்லவாவது ஒரு எண் இருந்தது. நம்மிடம் அதுவும் இல்லை.

அரசாங்கம் எண்ணும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஒன்றியத்தில், பேரூராட்சியில், நகராட்சியில் கடந்த ஒரு வருசத்தில் காலனிக்குள் நடந்த வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். வேலையின் பெயர், மதிப்பு, கேட்ட தகுதி, எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேரை முதல் உறையிலேயே தள்ளினார்கள், என்ன காரணம் சொன்னார்கள், கடைசியில் யாருக்குப் போனது. அதில் வேலை செய்த ஆணுக்கும் பெண்ணுக்கும் நாள்கூலி எவ்வளவு என்பதைக் கேட்க அரசாங்கம் வேண்டாம், தெருவிலேயே கேட்டு எழுதிவிடலாம். இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். போஸ்ட்கார்டு போதும். அடுத்த இதழில் வந்தவரைக்கும் ஒன்றியம் ஒன்றியமாக அச்சடிக்கிறோம்.